முகப்பருவுக்கு ஓர் அசைவ மாத்திரை

என் மகளுக்கு முகத்தில் பரு வந்த இரண்டு வருஷத்தில் நான் சாமியிடம் பேசிய பேச்சை வெளியே சொன்னால், எந்தக் கோவிலிலும் என்னைப் பாயசம் கிண்டக் கூப்பிட மாட்டார்கள். நான் சமையல்காரன். கல்யாணம், பூணூல், அறுபதாம் கல்யாணம், திவசம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் கரண்டியோடு போய் நிற்பேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரைதான். சந்தியாவந்தனம் விட்டதில்லை, ஏகாதசி விட்டதில்லை. அந்த உரிமையில்தான் சாமியைத் திட்டுகிறேன்.

மலையாள நாட்டில், பெருமாள் கோவிலைச் சுற்றிய கோட்டைக்குள் ஓர் அக்கிரகாரத் தெருவில் எங்கள் வீடு. நானும் மனைவியும் ஒரே மகளும். மகளுக்கு இருபத்து மூன்று வயது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் பஸ்ஸில் போய் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வருவாள்.

அவளுக்கு வந்தது சாதாரணப் பரு இல்லை. சாதாரணப் பருவை நானும் பார்த்திருக்கிறேன்; வரும், பழுக்கும், போகும். இது தோலுக்கு அடியில் கடலை அளவுக்குக் கல் மாதிரி உருண்டு நிற்கும். தலையணையில் கன்னம் பட்டால் வலிக்கும். வாரக்கணக்கில் இருந்துவிட்டு, குடியிருந்தவன் காலி பண்ணும்போது சுவரில் ஆணி ஓட்டையை விட்டுவிட்டுப் போகிற மாதிரி, ஒரு குழியை வைத்துவிட்டுப் போகும்.

முதலில் நான் சண்டை போட்டது பிள்ளையாரோடு. "தலை முதல் கால் வரை எண்ணெய் அபிஷேகம் உனக்கு. நெய்யப்பம் தின்கிறவன் நீ. உன் முகத்தில் ஒரு பரு உண்டா? மோர் சாதம் சாப்பிடுகிற என் குழந்தைக்கு எதற்கு இது?" என்று கேட்டேன். அவர் தும்பிக்கையை அசைக்கவில்லை. அம்மன் கோவிலில் உப்பும் மிளகும் கொட்டினேன். பருவுக்கும் மருவுக்கும் அங்கே அதுதான் வழக்கம். நான் கொட்டிய மிளகில் முந்நூறு பேருக்கு ரசம் வைத்திருக்கலாம். பரு குறையவில்லை, அம்மனுக்குத் தொண்டை கரகரப்பு இருந்திருந்தால் அது சரியாகியிருக்கும்.

தெருவில் எல்லோரும் வைத்தியர் ஆனார்கள். ஒருத்தி பிரசாதச் சந்தனத்தை முகம் முழுக்க அப்பச் சொன்னாள். ஒருத்தி எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னாள். இன்னொருவர் பற்பசை. "பல்லுக்குப் போடறதை மூஞ்சிக்குப் போட்டா மூஞ்சி கடிக்குமா மாமா?" என்று என் மகள் கேட்டதில் அவர் ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் என் பங்குக்கு ஒரு வைத்தியம் பண்ணினேன். அவள் சாப்பாட்டில் நெய்யை நிறுத்தினேன், எண்ணெயை நிறுத்தினேன், வறுத்தது பொரித்தது எல்லாம் நிறுத்தினேன். ஊருக்கெல்லாம் நெய் வடியச் சமைக்கிறவன் வீட்டில் பெற்ற பெண் இரண்டு வருஷம் மோர் சாதமும் வேகவைத்த கூட்டும் தின்றாள்.

ஒருநாள் காலையில் அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, வலது கன்னத்தை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வீக்கம் போயிடும், சிவப்பு போயிடும். குழி போகாது. இதுல அஞ்சு இருக்கு. இடது பக்கம் இன்னும் ஒண்ணும் விழலை. எனக்கு இன்னொரு குழி வேண்டாம்ப்பா. அவ்வளவுதான்."

அழவில்லை. ஆபீஸ் கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அன்றைக்கே தோல் டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா மலையாளி. என் குடுமியையும் பட்டையையும் பார்த்து என்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தவர் கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டார். அவர் மலையாளத்தில் பேசியதை எனக்குத் தெரிந்த பாஷையில் எழுதுகிறேன்.

முதலில் சந்தனம், எலுமிச்சை, பற்பசை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். கிள்ளக் கூடாது. தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் நெற்றியில் இறங்கக் கூடாது. காலையில் போட ஒரு ஜெல், ராத்திரி போட ஒரு க்ரீம், கூடவே மூன்று மாதத்துக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை. ஜெல் துணியில் பட்டால் சாயம் போகும் என்று சொல்லியிருக்கிறார்; நான்தான் காதில் வாங்கவில்லை. அவள் முகம் துடைத்த என் காவித் துண்டு ஒரு வாரத்தில் திட்டுத் திட்டாக வெளுத்துப் புலித்தோல் ஆயிற்று. அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். எந்த மடத்துச் சம்பிரதாயம் என்று மணமகனின் தாத்தா விசாரித்தார்.

மூன்று மாதத்தில் சின்னப் பருக்கள் போயின. கல்லுருண்டைகள் போகவில்லை. பெண்களுக்கு ஹார்மோன் கோளாறால் இப்படி வருவதுண்டு, அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது என்று டாக்டர் அதையும் சோதித்துப் பார்த்தார். அது இல்லை. "இனி ஒரு மருந்துதான். இந்த மாதிரிக் கட்டிக்கு அதுதான் சரி. ஆனால் விளையாட்டு மருந்து இல்லை" என்றார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேசினார். பிறகு என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சாமி, இந்த மருந்து சாப்பிடுகிற காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் ஆகவே கூடாது. குழந்தைக்குப் பெரிய கேடு. மாதாமாதம் பரிசோதனை உண்டு."

"டாக்டர், இவளுக்குக் கல்யாணமே ஆகலை."

"மருந்துக்கு அது தெரியாது சாமி."

என் மகள் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

ஈரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை, வெயிலில் அலையக் கூடாது, சுமார் ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு டாக்டர் சிரித்தார். "ஒரு அடையாளம் சொல்கிறேன். மருந்து உடம்பில் ஏறினால் உதடு காயும், வெடிக்கும். எல்லாரும் அதைத்தான் வந்து புகார் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். அப்புறம், நெய்யோ எண்ணெயோ பாலோ, கொழுப்பு இருக்கிற சாப்பாட்டோடு போட வேண்டும். மோர் சாதத்தோடு போட்டால் பாதி மருந்து வீண்."

"நெய் கொடுக்கலாமா?"

"கொடுக்கலாமாவா? கொடுக்கணும். யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

"எந்த மெடிக்கல் காலேஜ் சாமி?" என்று கேட்டார். என் மகள் இரண்டு வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் மகளுக்கு மாத்திரை விழுங்க வராது. சின்ன வயதிலிருந்தே தொண்டையில் நிற்கும், குமட்டுவாள். அதனால் மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் ஒளித்துக் கையில் கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு மெல்லாமல் விழுங்குவாள். இருபத்து மூன்று வயதில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நாலு பேரை மேய்க்கிறவள், மாத்திரைக்கு மட்டும் என் உருண்டையை நம்பித்தான் இருந்தாள். புது மருந்துக்கு நெய் சாத உருண்டை என்று முடிவாயிற்று.

மருந்து வாங்கி வந்த அன்று எதிர்வீட்டு மாமா வந்தார். அரசாங்க ஆபீஸில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ஃபைல் இல்லாததால் எந்தப் பெட்டிக்குள் எந்தக் காகிதம் இருந்தாலும் பிரித்து வாசிப்பார். மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த இங்கிலீஷ் காகிதத்தைப் பிரித்தார்.

"ஓய், ஜெலட்டின்னு போட்டிருக்கு. என்னதுன்னு தெரியுமா ஓய்?"

"என்ன மாமா?"

"இந்த மேலே இருக்கற வழவழ கூடு இருக்கே, அதாக்கும். எலும்பையும் தோலையும் வேகவச்சு எடுக்கற பசை."

"எதோட எலும்பு?"

"மாடும் உண்டு, பன்னியும் உண்டு. சிலதுல மீனாம். இதுல எதுன்னு எழுதலை."

அவர் போன பிறகு பூஜை அறையில் உட்கார்ந்து யோசித்தேன். மீன் என்றால் மச்சாவதாரம். பன்றி என்றால் வராகாவதாரம். மாடு என்றால் கோமாதா. எதைத் தின்றாலும் படத்தில் இருக்கிற யாரையாவது தின்றாக வேண்டும். "ஒரு பிராணியையாவது சும்மா விட்டுவைத்தாயா நீ? கொஞ்சம் யோசித்து அவதாரம் எடுத்திருக்கக் கூடாதா?" என்று பெருமாளைக் கேட்டேன். அவர் வழக்கம்போல் புன்னகைத்தார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எனக்குத் தோன்றும் யோசனைகளில் சமையலுக்கு வெளியே எதுவும் உருப்பட்டதில்லை. பாதாமைத் தோல் உரிக்கிறோம், பயற்றை உரிக்கிறோம். இதையும் உரித்துவிட்டால் என்ன? பாவம் கூட்டில்தானே இருக்கிறது. மருந்து உள்ளேதானே இருக்கிறது?

மனைவியின் தையல் ஊசியை எடுத்தேன். கூட்டில் குத்தி அழுத்தினேன். மஞ்சள் நிறத்தில் விழுது மாதிரி வந்தது. சின்ன வெள்ளிக் கிண்ணியில் நெய்யை நன்றாகச் சுடவைத்து, அதில் விழுதைக் கரைத்து, சாதத்தைப் போட்டுப் பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். கண்ணை மூடி விழுங்கினாள். "கேப்சூல் போனதே தெரியலை" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கூட்டை எங்கே போடுவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக் குப்பையில் போட மனம் வரவில்லை. காகிதத்தில் சுற்றி எதிர்வீட்டு மாமாவின் குப்பைத் தொட்டியில் போட்டேன். சொன்னவர் அவர்தானே.

அவளிடம் நான் கேட்கவில்லை. ஊசி ஒரு தப்பு என்றால் இது அதைவிடப் பெரிய தப்பு. அவள் முகம், அவள் மருந்து, அவள் பாவ புண்ணியம். நான் எல்லாவற்றையும் என் மடியில் கட்டிக்கொண்டேன்.

தினமும் இப்படியே நடந்தது. உருண்டை கொடுத்த பிறகு கிண்ணியின் சுவரெல்லாம் நெய் ஒட்டிக்கொண்டிருக்கும். நெய் ஒட்டிய பாத்திரத்தைத் தேய்க்கப் போடுவது எங்கள் குலத்திலேயே கிடையாது. நான் சாப்பிட உட்காரும்போது என் சாதத்தை அதில் போட்டு, நாலு புறமும் துடைத்து வழித்துச் சாப்பிடுவேன். வீட்டுக்குள் இரண்டு வருஷம் கழித்து வந்த நெய் ஆயிற்றே.

மூன்றாவது வாரம் என் உதடு வெடிக்க ஆரம்பித்தது.

முதலில் ஓரத்தில் ஒரு கீறல். பிறகு கீழுதடு முழுக்கத் தோல் உரிந்தது. கொட்டாவி விட்டால் ரத்தம் வரும். ஒரு கல்யாணத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு "சாம்பார், சாம்பார்" என்று கூவ முடியாமல் கையால் ஜாடை காட்டினேன். பந்தியில் இருந்த ஒருவர் எனக்கு மௌன விரதம் என்று நினைத்துக் கும்பிட்டார்.

"ஏன்னா, என்ன இது, பாளம் பாளமா வெடிச்சிருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"அடுப்புச் சூடு."

"முப்பது வருஷமா இல்லாத அடுப்புச் சூடு இப்போ மட்டும் எங்கேர்ந்து வந்ததாம்?"

"வயசாகறதோல்லியோ."

"உதட்டுக்கு மட்டுமா வயசாறது?" என்றாள். வெண்ணெய் கொண்டுவந்து தடவினாள்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. என் மூக்கிலும் குடுமிக்கு முன்னால் இருக்கிற வழுக்கையிலும் எப்போதும் எண்ணெய் பளபளக்கும். விளக்கு ஏற்றினால் என் தலையில் இன்னொரு விளக்கு தெரியும். அந்தப் பளபளப்பு போய், முகம் மாவு பூசிய மாதிரி ஆகிவிட்டது. பிரார்த்தனைதான் முகவரி மாறிப் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

மகளுக்கோ உதடு ரோஜா இதழ் மாதிரி இருந்தது. "டாக்டர் உதடு காயும்னா. எனக்கு ஒண்ணுமே ஆகலையேப்பா. மருந்து பிடிக்கலையோ?" என்று கேட்டாள்.

"பகவான் கிருபை. உனக்குக் கெடுதல் ஒண்ணும் பண்ணாம நல்லது மட்டும் பண்றது" என்றேன். சொன்னபோது என் உதட்டிலிருந்து ரத்தம் வந்தது.

அந்த வாரம் அவள் இடது கன்னத்தில் இரண்டு கல்லுருண்டைகள் கிளம்பின. துப்பட்டாவை இடது பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு ஆபீஸ் போனாள்.

ஒரு மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா விளக்கைப் பிடித்து அவள் முகத்தைப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். உதட்டைப் பார்த்தார். மறுபடியும் உதட்டைப் பார்த்தார்.

"மோளே, மருந்து தினமும் சாப்பிடுகிறாயா?"

"ஒரு நாள் விடலை மேடம்."

"நெய்யோடா?"

"நெய் சாதத்துல வச்சு அப்பா உருட்டித் தரார்."

டாக்டர் விளக்கை அணைக்கப் போனவர், அப்படியே என் பக்கம் திருப்பினார். என் உதடு, மூக்கு, வழுக்கை என்று வரிசையாக வெளிச்சம் விழுந்தது. எனக்குத் தீபாராதனை காட்டுகிற மாதிரி இருந்தது.

"சாமிக்கு உதட்டுக்கு என்ன?"

"அடுப்புச் சூடு டாக்டர்."

"எத்தனை நாளாக?"

"ஒரு ரெண்டு வாரம்..."

"சாமி, அந்த கேப்சூலை முழுசாகவா உருண்டைக்குள் வைக்கிறீர்கள்?"

நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். தோலை நெடுக்காக வெட்டி உள்ளே இருக்கிறதையெல்லாம் காட்டிய படம். அதிலும் எனக்கு உதவி ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டேன். ஊசி, கிண்ணி, நெய், கூடு, எலும்பு, கடைசியில் வழித்துச் சாப்பிட்டது வரை எல்லாம் சொன்னேன்.

டாக்டரம்மாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு அவருக்கு வந்த கோபத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை.

"இந்த மருந்து கொழுப்பில் கரைகிற மருந்து. பாதி கூட்டிலேயே போயிருக்கும். சூட்டிலும் வெளிச்சத்திலும் கொஞ்சம் கெட்டிருக்கும். மிச்சத்தில் ஒரு பங்கு கிண்ணி நெய்யோடு உங்கள் வயிற்றுக்குள். இவளுக்கு எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒரு மாதத்தை நான் கணக்கில் சேர்க்க முடியாது." சற்று நிறுத்திவிட்டு, "வீட்டில் யாராவது கர்ப்பிணி இருந்து, அந்தக் கிண்ணியை வழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்தீர்களா?" என்று கேட்டார்.

இந்த ஒரு மாதத்துக்குள்தான் என் தங்கை பெண் மசக்கையோடு வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அவளுக்கு நெய் வாசனையே பிடிக்காமல் இருந்தது, அதனால் தப்பித்தோம். நான் செய்த பூஜை எதுவும் அதற்குக் காரணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

"ஜெலட்டின் உங்களுக்கு வேண்டாம் என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். இதெல்லாம் கேட்கிறவர்கள் உண்டு. கேட்டால் ஒரு வழி பார்ப்போம், இல்லை என்றால் இல்லை என்று சொல்வோம். ஆனால் சாமி, வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை." மகள் பக்கம் திரும்பினார். "மோளே, உனக்கு அதில் ஆட்சேபம் உண்டா?"

என் மகள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை மேடம். நான் ரெண்டு வருஷமா ஆபீஸ் வாசல் பேக்கரியில தினம் சாயங்காலம் முட்டை பப்ஸ் தின்னுண்டிருக்கேன். வீட்டுல மோரும் சோறும் தின்னா யாருக்கு மேடம் பசி அடங்கும்?"

நான் ஒரு மாதம் ஊசி வைத்துக் காப்பாற்றிய வயிற்றில் ஏற்கெனவே ஒரு கோழிப் பண்ணையே இருந்திருக்கிறது.

ஆட்டோவில் வரும்போது அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கேகோட்டை நெரிசலில் வண்டி நின்றபோதுதான் பேசினாள்.

"கேட்டிருக்கலாமேப்பா. ஒரே ஒரு தடவை."

"பாவம் உனக்குச் சேரப்படாதுன்னுட்டு..."

"பாவத்தை நான் பாத்துக்குவேன். இடது பக்கம் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேனோல்லியோ? இப்போ ரெண்டு. ரெண்டும் குழியாத்தான் போகும், பாத்துக்கோ."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். வெடித்த உதட்டோடு ஒரு சாமியும், கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பெண்ணும். யார் யாரை அடித்தார்கள் என்று அவருக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் நெய் சாதம் உருட்டி, கேப்சூலை முழுசாக உள்ளே வைத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. உருண்டையை என் கையிலேயே விரலால் பிளந்தாள். உள்ளே கேப்சூல் இருக்கிறதா என்று பார்த்தாள். அதை எடுத்துக் கழுவினாள். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் முன்னால் போய் நின்றாள்.

முதல் தடவை குமட்டித் துப்பினாள். "டீ, தொண்டையில சிக்கிண்டுடப் போறது, அப்பா தந்ததை வாங்கிக்கோ" என்று அவள் அம்மா ஓடினாள். கையால் தடுத்தாள். இரண்டாம் தடவை கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாம் தடவை தலையை அண்ணாந்து, ஒரே மடக்கு. இறங்கிவிட்டது. நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். இருபத்து மூன்று வருஷம் நான் கற்றுக்கொடுக்க முடியாததை என் மேல் இருந்த கோபம் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொடுத்துவிட்டது.

பிறகு திரும்பி வந்து, பிளந்த உருண்டையை என் கையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "கொழுப்பு வேணுமே, அதுக்காக்கும்" என்றாள்.

மறுநாள் காலையில் கோவிலுக்குப் போனேன். நீளப் படுத்திருக்கிற எங்கள் ஊர்ப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். முதல் வாசலில்தான் முகம். அங்கேயே நின்றேன். "எல்லாத்தையும் பாத்துண்டுதானே படுத்திருந்தே? ஒரு வார்த்தை சொல்லப்படாதா? என் உதட்டை வெடிக்க வச்சதுதான் நீ சொன்ன வார்த்தையா? கொஞ்சம் சீக்கிரம் வெடிச்சிருக்கக் கூடாதா?" பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். தொப்புளையும் பாதத்தையும் பார்க்காமல் வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அவர் முகத்தோடு மட்டும்தான் வழக்கு.

வரும் வழியில் எதிர்வீட்டு மாமா பிடித்துக்கொண்டார். "என்ன ஓய், அந்த எலும்பு விஷயம் என்ன ஆச்சு?"

"அது இருக்கட்டும் மாமா. இருதயத்துக்குன்னு நீங்க தினம் ஒண்ணு போட்டுக்கறேளே, தங்க நிறத்துல, கண்ணாடி மாதிரி, அந்த டப்பாவை வாசிச்சிருக்கேளா?"

"அது எண்ணெய் ஓய். மகன் துபாய்லேர்ந்து அனுப்பறது."

"என்ன எண்ணெய்னு வாசியுங்கோ."

உள்ளே போனார். டப்பாவோடு வாசலுக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மீன் எண்ணெய். கூடும் மீன், சரக்கும் மீன். நாலு வருஷமாகச் சந்தியாவந்தனம் முடித்த கையோடு ஒன்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் சொல்லாமல் இருந்தேன். இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். "டாக்டரைக் கேட்டேன் ஓய். நிறுத்த வேண்டாங்கறான். மச்சாவதாரம்தானே, பெருமாள் முதல்முதல்ல எடுத்த அவதாரம்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

இரண்டாவது வாரமே என் மகளுக்கு உதடு வெடித்தது. நான் சந்தோஷப்பட்டது எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்கென்று ஒரு களிம்பு வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் தடவினாள். மூக்கு காய்ந்தது, கண் காய்ந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து. மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள். நான் கூடப் போவேன். அவள் சொன்னால் உள்ளே, சொல்லாவிட்டால் வெளியே. நாலாவது மாதத்தில் புதுக் கட்டி வருவது நின்றது. ஆறாவது மாதத்தில் சிவப்பும் மங்கியது. என் உதடு அதற்கு முன்பே சரியாகி, வழுக்கையில் விளக்கு மறுபடி எரிய ஆரம்பித்துவிட்டது.

மருந்தை நிறுத்திய அன்று டாக்டரம்மா குழிகளைப் பற்றிப் பேசினார். நுண்ணிய ஊசிகள் பதித்த உருளையைக் கன்னத்தில் உருட்டிச் செய்கிற சிகிச்சை உண்டு, லேசர் உண்டு. முழுக்கச் சமமாகாது, கொஞ்சம் மேலே வரும். எதற்கும் தோலுக்கு ஓய்வு கொடுத்துச் சில மாதம் கழித்து முடிவு செய்யலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சாமி ஏதாவது கேட்கணுமா?" என்றார்.

கேட்க நாலைந்து கேள்வி இருந்தது. அந்த ஊசி எதனால் ஆனது என்பதும் அதில் ஒன்று. "அவ கேப்பா டாக்டர்" என்றேன்.

என் மகள் வலது கன்னத்தைக் காட்டினாள். "இது அஞ்சும் என்னோடது. அப்போ டாக்டர்கிட்ட வரத் தெரியலை." இடது பக்கம் தொட்டாள். "இது ரெண்டும் அந்த மாசத்தது. யோசிச்சுச் சொல்றேன் மேடம்." கோபமாகச் சொல்லவில்லை. யாருடையது எது என்று பிரித்துச் சொன்னாள், அவ்வளவுதான். சரியாகத்தான் பிரித்தாள்.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். பக்கத்திலேயே ஒரு பேக்கரி. உட்கார்ந்தோம். பரிமாறுகிற பையனிடம் அவள், "ரெண்டு டீ, ஒரு வெஜ் பப்ஸ்" என்றாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஒரு முட்டை பப்ஸ்" என்றாள்.

வந்தது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். மேலே இருந்த மொறுமொறுப்பான அடுக்கு நொறுங்கி மேஜையில் விழுந்தது. உள்ளே பாதி முட்டை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. நான் அதைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிதானமாக மென்றாள். மெல்லும்போது இடது கன்னத்தில் அந்த இரண்டு குழிகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்து மறுபடி விலகின.